பிந்தி வந்த வெடி

பயிற்சி நாளன்று விடியுமுன்பே ஊர்ப்படை ஆட்கள் கேப்டன் வீட்டு வாசலில் குண்டு போடாமல் மருந்து மட்டும் இட்டுத் துப்பாக்கிகளை வெடித்து அவரை எழுப்புவார்கள். அவர் எழுந்து வந்து அவர்கள் எல்லோருக்கும் ரம் ஊற்ற வேண்டும். அந்தக் கால அமெரிக்காவின் கனெக்டிகட்டில் அதுதான் வழக்கம்.

இந்த வருடம் கேப்டன் ஜாபேஸ் தர்லோ தூங்கவேயில்லை. எல்லைச் சண்டைக்குப் படை அனுப்பச் சட்டமன்றத்தில் முதலில் கை தூக்கியவர் அவர். எல்லோரையும் திரும்பக் கூட்டி வருவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். படையில் போன ஏனோஸ் என்பவன் மட்டும் வரவில்லை. சண்டையில் செத்த அவனை அங்கேயே புதைத்து, தன் கையாலேயே மண் தள்ளிவிட்டு வந்தார்.

வாசலில் துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. ஒரு மூச்சு கழித்து இன்னொன்று வெடித்தது. ஏனோஸ் எப்போதும் அப்படித்தான் பிந்திச் சுடுவான், எல்லோரும் சிரிப்பார்கள்.

கதவைத் திறந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"கடைசியா சுட்டது யாருப்பா?"

"எங்கள்ல யாரும் இல்லீங்க கேப்டன்," என்றார் கொல்லர் ஆசா. "தூரத்துல, மலைப் பாதைப் பக்கம் கேட்டுச்சு."

கேப்டனின் மனைவி தாமார் எல்லோருக்கும் ஊற்றி முடித்தாள். குளிர் உள்ளே வந்தது. கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாத தாமார்," என்றார் ஜாபேஸ். "அவனுக்கு நடையும் மெதுவுதான்."