சனிக்கிழமை அரைக்கட்டை

"மறுபடியும் அதே எடத்துல பிசிறிடுச்சு, மிஸ்!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் நின்றிருந்த கோகிலன், ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சிரித்தான்.

குமுதா கணினித் திரையைப் பார்த்தாள். பல்லவி முழுக்கச் சுருதிக் கோட்டை ஒட்டியே வந்த அவன் குரல், சரணத்தின் உச்சியில், மேல் காந்தாரத்தைத் தொடவேண்டிய இடத்தில், காற்றில் பிய்ந்த தோரணம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"குளிருலா," என்றாள். "ஏர்கான் காத்து நேரா தொண்டையில அடிக்குது."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அந்த ஏர்கானைச் சர்வீஸ் பண்ணி, காத்தை அந்தப் பக்கம் திருப்பி வச்சதே நான்தானே!"

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மனசுக்குள் சுருக்கென்றது.

ஈப்போவில் கடைவீட்டு மாடியில் இருக்கும் அவளுடைய சின்ன ஸ்டூடியோவுக்கு அவன் வருவது இது ஐந்தாவது சனிக்கிழமை. ஆயர் தாவாரில் ஏர்கான் பழுது பார்க்கிறவன். அக்கா புனிதாவின் கல்யாண விருந்தில் ஒலிக்க, தானே எழுதிய பாட்டைப் பாடிப் பதிவு செய்யவேண்டும் என்று வந்து நின்றான். அவள் இசை அமைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்தான். கிளம்புமுன் எதிர்ப்பக்கம் சித்தியவான் வரை போய், அடுப்பிலிருந்து எடுத்த கொம்பியா ரொட்டி வாங்கி வந்தான். எள்ளு வாசம் ஸ்டூடியோவில் புதன்கிழமை வரை இருந்தது.

கல்யாணம் என்றைக்கு என்று அவள் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் நாள் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் சனிக்கிழமைகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

"வேணும்னா அந்த ஒரு சுரத்தை மட்டும் கம்ப்யூட்டர்லயே இழுத்துச் சரி பண்ணிடட்டுமா?" என்று கேட்டாள்.

"ஐயோ, வேணாம் மிஸ்!" பதறிவிட்டான் கோகிலன். "எத்தனை வாரம் ஆனாலும் பரவால்ல. நானே பாடித்தான் சேர்க்கணும்."

அக்காமேல் இவ்வளவு பாசமா! குமுதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போலாம்," என்று அவன் வெந்நீரை ஒரு வாய் குடித்தான். குரல் கரகரத்தது. தொண்டையைத் தடவிக்கொண்டே மறுபடி ஹெட்போனை மாட்டப் போனான்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"கோகிலன், வெளிய வாங்க."

கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துப் பேசினாள்.

"ஒங்க தொண்டையில ஒரு குறையும் இல்ல. மொத வாரம் ஒரு கட்டை சுருதியில பாடுனீங்க. அழகாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாரம் நான் இசையை ஒன்றரைக் கட்டைக்கு ஏத்துனேன். அப்புறம் ரெண்டு, ரெண்டரை. இன்னிக்கு மூணு. இங்க ஒரு தட்டு தட்டுனா போதும், பாட்டு முழுசும் அரைக்கட்டை ஏறிடும். நீங்களும் பாவம், வாராவாரம் கூடவே ஏறி மூச்சு முட்டப் பாடுறீங்க."

"எதுக்கு மிஸ்?"

"பாட்டு சரியா வந்துட்டா நீங்க வரமாட்டீங்கல்ல..."

சொல்லி முடிப்பதற்குள் காது மடல் வரை சுட்டது. கீழே தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"திட்டணும்னா திட்டிருங்கலா! இப்பவே ஒரு கட்டைக்கு இறக்கிடுறேன். பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம். கல்யாண நாள் வேற கிட்ட வந்திருக்கும். என்னிக்கு?" என்று ஒருவழியாகக் கேட்டேவிட்டாள்.

கோகிலன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று பதறி எழுந்த குமுதாவுக்கு, அவன் சிரிக்கிறான் என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மொத வாரம் பாடுனதைப் பழகுறதுக்குன்னு வாட்ஸ்அப்ல அனுப்புனீங்களே, அதையே மண்டபத்துல போட்டாச்சு, குமுதா," என்றான். "அக்கா கல்யாணம் முடிஞ்சு நாளையோட மூணு வாரம்."