ஜப்பான் படமும் ஞானசூன்யங்களும்

"அதைக் கார்ட்டூன்னு சொன்னா நாக்கு அழுகிடும்!" மகர்பட்டா ஆபீஸ் கேன்டீனில் சேஷாத்ரி சீறினார். "வானத்தை எப்படி வரைஞ்சிருக்கான் ஜப்பான்காரன்! ஏழு தடவை பார்த்துட்டேன். ஞானசூன்யங்களுக்கு எங்கே புரியப்போறது?"

வானவடி ஏரியாவில் ஒரு சிடி வாடகைக் கடையில் அவர் கண்டெடுத்த அந்த இரண்டு சிடி படத்தை டீமில் பார்க்காதவர் கிடையாது. பார்த்துவிட்டு "அபாரம் சார்" என்று சொல்லாதவரும் கிடையாது. அப்ரைசல் எழுதுகிறவர் அவர்தானே!

அபாரம் சொல்லப் பாக்கி இருந்தவள் வசுமதி மட்டும்தான். சனிக்கிழமை அதே கடையில் அதே சிடிக்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"நல்ல கதை சார். அம்மாவைத் தொலைச்ச பொண்ணு, கடல் தாண்டிப் போய்க் கடைசியில கண்டுபிடிச்சுடறா."

சேஷாத்ரி தலையில் அடித்துக்கொண்டார். "அவ்வளவுதான் புரிஞ்சுதா? முதல்ல அம்மாவோட சேர்றா, அப்புறம்தான் தொலைக்கிறா. காலத்தையே திருப்பிப் போட்டிருக்கான்! படத்தோட பேரை நட்டநடுவுல காட்டற தைரியம் நம்மாளுக்கு வருமா?"

"வரவே வராது சார்" என்று டீமே தலையாட்டியது.

வசுமதி தயங்கினாள். "எங்க வீட்லயும் முதல்ல அப்படித்தான் ஓடித்து சார். கடைக்காரர் சிடி மேல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரை மாத்தி எழுதிட்டார். என் பொண்ணுதான் கண்டுபிடிச்சு, சரியாப் போடச் சொன்னா."

ஆடிய தலைகள் எல்லாம் டிபன் டப்பாவைப் பார்த்துக் குனிந்தன.

"எத்தனாவது தடவை பார்க்கறச்சே கண்டுபிடிச்சா?" சேஷாத்ரியின் குரல் உள்ளே போயிருந்தது.

"முதல் தடவையே சார். யூகேஜி படிக்கறா, பாவம். கார்ட்டூன்னு நெனச்சுண்டு பார்த்திருக்கா."