சூளையிலிருந்து வந்த ஆர்க்கிட்

மலேசியாவின் கோப்பெங் ஊர் மட்பாண்டக் கூடத்தில் கவிநயா சூளையைத் திறந்து, சுவர்ணா வரைந்த பூ ஜாடியைத் துணியோடு பிடித்து அவள் கையில் தருகிறாள். தாவரவியல் நூல்களில் வரைவதுபோல, ஜாடியைச் சுற்றி ஓர் ஆர்க்கிட்: இதழ்கள், பிளந்த மொட்டு, காற்றில் தொங்கும் வேர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. மாலை வெயிலில் ஊதா நிறம் மினுங்குகிறது. சுவர்ணா அதைப் பார்க்கவில்லை; ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். “அக்கா, கீழ வைங்க லா, இன்னும் சூடா இருக்கு.” “இருக்கட்டும்மா.” கணவர் ரதீசன் இறந்தபின் சுவர்ணாவின் கட்டிலின் மறுபாதி சில்லென்றே கிடக்கிறது. கவிநயா மேசைகளைத் துடைக்கிறாள், விசிறிகளை நிறுத்துகிறாள், சாவியோடு வாசலுக்குப் போய் நிற்கிறாள். வெளியே மழை தூறத் தொடங்குகிறது. ஜாடி ஆறிவிட்டது. சுவர்ணா இன்னும் கையை எடுக்கவில்லை.