அவன் திரும்பிய காரணம்

பாடமாக வைத்திருந்த நாவலின் முடிவில், யாரோடும் ஒட்டாத அந்தப் பதினாறு வயதுப் பையன் ஆற்றில் குதிக்கப் பாலம் வரை போய்விட்டு வீடு திரும்புகிறான். "ஏன் திரும்பினான்?" என்று வகுப்பில் கேட்டார் பேராசிரியை வளர்மதி. அம்மா பாசம், நம்பிக்கை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஜெசிந்தா எழுந்தாள்.

"அவன் திரும்பியிருக்க மாட்டான் மேடம். எழுதினவரு பயந்துபோய்த் திருப்பிட்டாரு. அங்க நிக்கும்போது வீட்டு ஞாபகமே வராது."

சிலர் சிரித்தார்கள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் வளர்மதி. ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்ததும் பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

வளர்மதி ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவள் கையைப் பிடித்தார். "எங்க போற?"

"வீட்டுக்குத்தான் மேடம்," என்று சிரித்தாள் ஜெசிந்தா. வளர்மதி பிடியை விடவில்லை.