மூன்றாம் மாடிக் கதவு

இடைவேளைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. அவள் எழுந்து வெளியே வந்தாள்.

கோபன்ஹேகன். பத்து நாள் பயிற்சி. பதினோரு நாடுகளிலிருந்து வந்த பதினெட்டுப் பெண்கள். எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள். எல்லோருக்கும் கீழே நூறு பேராவது வேலை செய்தார்கள்.

இன்று ஆறாம் நாள். நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்பது காலைப் பாடம்.

அழைத்தது திருப்பூரிலிருந்து. அவள் மேனேஜராக இருக்கும் பனியன் கம்பெனியின் ஜி.எம். தெய்வசிகாமணி.

“வசந்தாமணி, நேத்து மூணாவது மாடில வேஸ்ட் துணி மூட்டை தீப்பிடிச்சிருச்சு. சின்னத் தீதான். அணைச்சாச்சு.”



“யாருக்காவது...”

“படியில நெருக்கியடிச்சு எறங்குனதுல ஒரு புள்ளைக்குக் கால் முறிஞ்சிருச்சு. வேற ஒண்ணுமில்ல. ஆனா காலைல இருந்து அத்தன பேரும் கேட்டுல உக்காந்துட்டாளுக. ஒருத்தியும் உள்ள வர மாட்டேங்கறா. அவளுகளக் கூட்டி வச்சிருக்கற அந்த முத்தரசிகூட வீடியோல பேசுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. சரக்கு இன்னைக்குப் போயாகோணும்.”

“பின்பக்கக் கதவு, சார்?”



“அதை அப்பறம் பாத்துக்கலாம்மா.”

அப்படியென்றால் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

மூன்றாம் மாடியில் தீப்பிடித்தால் வெளியேறுவதற்காக வைத்த கதவு. துணி திருட்டுப் போகிறது என்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அந்த வழி திறந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டது. திறந்திருக்கிறது என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம்.

அவளுடைய பயிற்சிக்கு முதலாளி கையெழுத்துப் போட்டதும் அதே நாள். இந்தக் கம்பெனியிலிருந்து வெளிநாடு போகும் முதல் பெண் என்று அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

கதவைப் பற்றித் திரும்பி வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

முத்தரசியை அழைத்தாள்.

திரை நிறைய முகங்கள். வேப்பமர நிழலில் இருநூறு பெண்கள். பாதிப் பேரை அவளே முதுகுளத்தூர்ப் பக்கம் போய் வேலைக்கு அழைத்து வந்திருந்தாள். அவர்களுடைய அம்மாக்களிடம் பேசியதும் அவள்தான்.

“அக்கா, நல்லாருக்கீகளா?” என்றாள் முத்தரசி.

“இருக்கேன்.”

“ஜி.எம். சார் இங்கனதான் நிக்கிறாக. நீங்க சொல்லுங்கக்கா. நீங்க போகச் சொன்னா உள்ள போறோம்.”

 எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

இரண்டே வார்த்தை. உள்ளே போங்கள். அதைச் சொன்னால் போதும்.

“முத்தரசி, போனோட மூணாவது மாடிக்குப் போ.”

“எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?” என்றது தெய்வசிகாமணியின் குரல்.

முத்தரசி அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். திரையில் படிகள் ஆடின. மூச்சு வாங்கும் சத்தம். கரி படிந்த சுவர். பிறகு பச்சைப் பெயின்ட் அடித்த கதவு.

“தள்ளிப் பாரு.”

ஒரு கை தள்ளியது. அந்தப் பக்கம் சங்கிலி குலுங்கியது.

“தெறக்கலைக்கா.”



“அது திறந்திருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான்தான். பூட்டியிருக்குதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வகுப்பு முடிந்திருந்தது. பெண்கள் காப்பிக் கோப்பைகளுடன் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வசிகாமணி படியேறி வந்துவிட்டார். மேல்மூச்சு வாங்கியது.

“என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் பண்றீங்களா?”

“சரக்கு வாங்கற கம்பெனிக்கும் எழுதப் போறேன், சார். நான் குடுத்த காகிதம் பொய்னு. இன்னைக்கே.”

“எழுதிட்டு, திரும்பி எங்க வருவீங்க?”

 வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகள். இருபத்தோரு வருட வேலை. தையல் மெஷினில் தொடங்கியது.

அவர் இறங்கிப் போகும் காலடிகள் கேட்டன.

முத்தரசி போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். புருவத்தில் கரி இருந்தது.

“தெரியும்க்கா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அந்தக் காகிதத்த நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சிருந்தாக. கீழ உங்க கையெழுத்து. கதவு பூட்டிக் கெடந்ததும் தெரியும். நீங்களா எங்ககிட்டச் சொல்லுவீகளா, மாட்டீகளான்னுதான் தெரியாம இருந்துச்சு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பயிற்சி நடத்தும் பெண்மணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்த வகுப்பு தொடங்கப் போகிறது என்று கைகாட்டினார். அவள் தலையை அசைத்து மறுத்தாள். அப்படியே நடைபாதைத் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் வச்சிரவா, முத்தரசி?”

“வைக்காதீக.”

மறுபடியும் படிகள் ஆடின. வாசல் வெளிச்சம் வந்தது. “அக்கா அவுகளாவே சொல்லிட்டாக” என்று முத்தரசி யாரிடமோ சொன்னாள். அது ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் போவது கேட்டது. கடைசி வரிசை வரை போய் அடங்கியது.

வேப்ப மரத்தடியில் இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். முத்தரசி ஒரு டிபன் பாக்ஸில் சாய்த்துப் போனை அங்கே வைத்தாள்.