காய் நறுக்கும் கத்தி

அவன் விரல்கள் அவள் பிடரியில் இருந்தன.

பார்ப்பவர்களுக்கு அது பாசம். கட்டைவிரல் எந்த நரம்பின் மேல் அழுந்தியிருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

"சிரிச்சிக்கிட்டே வா."

சிரித்தாள்.

பன்னாட்டு முனையம் தேர்க்கூட்டம் போல நெரிந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டிகள் குதிகாலில் இடித்தன. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் யாரையோ தேடியது.

இத்தனை ஆயிரம் பேர். ஒருவர் பார்வையும் அவள் கழுத்துக்கு வரவில்லை.

வந்தாலும் ஒன்றும் தெரியாது. துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றி ஊக்குக் குத்தியவன் அவன்தான்.

இமிகிரேஷனில் பேசியதும் அவன்தான்.

"வைஃபுக்குத் தொண்டை கட்டியிருக்கு சார்."

முத்திரை விழுந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் அவனுடைய நீலச் சட்டைப் பைக்குள் போயின.

தொண்டை கட்டவில்லை. காலையில் அடுக்களையில் அவன் நெரித்திருந்தான். ஒரு கையில் அவள் கழுத்து. மறு கையில் காய் நறுக்கும் கத்தி. விட்டபோது குரல் போயிருந்தது. கத்தியைத் தொட்டியில் எறிந்துவிட்டு, நீலச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னான்.

"அங்க வந்து பாரு. நீ செத்தாக்கூடக் கேக்க நாதி கிடையாது."

அங்கே என்பது பாலைவனத்தில் ஒரு கம்பெனிக் குடியிருப்பு. விமானம் ஏறிவிட்டால் அதுதான் கதி.

பாதுகாப்புச் சோதனை வந்தது.

ஆண்கள் ஒரு வரிசை. பெண்கள் ஒரு வரிசை.

விரல்கள் பிடரியை விட்டன.

திரைக்குள் பெண் அதிகாரி ஒருவர். "கையத் தூக்கும்மா. திரும்பு." கருவி அவள் இடுப்பில் இறங்கி, தோளில் ஏறி, கழுத்தருகே கீச்சிட்டது.

அவள் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

"ஊக்குதானே? போ, போ. அடுத்து யாரு?"

போனாள்.

இன்னும் பை இருக்கிறது.

நாத்தனாரை ஒரு முறை இதே மாதிரிச் சோதனையில், பையிலிருந்த நெயில்கட்டருக்காகத் தனி அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அந்தக் கதையை நாத்தனார் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நம்பித்தான் இவள் காலையில் அந்தக் கத்தியைக் கழுவித் துடைத்துக் கைப்பையில் வைத்திருந்தாள், பருப்புப்பொடிக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவே. தனி அறை. ஒரு நாற்காலி. ஒரு பேனா. குரல் கூட வேண்டாம். எழுதிக் காட்டினால் போதும்.

பைகளை நகர்த்தும் பட்டை நின்றது.

"இந்தப் பை யாரோடது?"

கையைத் தூக்கினாள்.

பட்டையருகே இருந்த அதிகாரி பையைத் திறந்தார். கத்தியை எடுத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

சிரித்துவிட்டார்.

"ஏம்மா, போற ஊர்ல கத்தி விக்க மாட்டானா?"

பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். உள்ளே ஏற்கெனவே கத்தரிக்கோல்கள், தேங்காய்த் துருவி, சின்னதாக ஓர் அரிவாள்மனை. ஊறுகாய் மட்டும் திரும்பிப் பைக்குள் போனது.

"எடுத்துட்டுக் கிளம்பு. இனிமே இதையெல்லாம் கொண்டு வராத."

அடுத்த பைக்குத் திரும்பிவிட்டார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த அவனும் சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை. கத்தி அவனுக்குத் தெரிந்த கத்தி.

பின்னால் வந்து நின்றான். விரல்கள் பழைய இடத்துக்கே வந்தன.

"இதுக்கு அங்க போய் இருக்குடி உனக்கு."

காதோடு சொன்னான். கட்டைவிரல் நரம்பைத் தேடிப் பிடித்தது.

தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் கத்தியை எடுத்தாள்.

யாரோ அலறினார்கள். கூட்டம் கண்ணாடி போலச் சிதறியது. பைத் தட்டுகள் சரிந்தன. துப்பாக்கிகள் நிமிர்ந்தன. ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு சேர்ந்து விழுந்தார்.

"கீழ போடு! கீழ போடு!"

அவள் யாரையும் குறிவைக்கவில்லை. இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்து, மாரோடு சேர்த்து நிமிர்த்தி வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

அவன் பின்வாங்கினான். அவளைப் பார்த்து அவன் பின்வாங்கியது அன்றுதான்.

ஒரு தோள் வந்து மோதியது. தரை எழுந்து முகத்தில் அறைந்தது. முதுகில் ஒரு முழங்கால். கையை முறுக்கியபோது தோளில் என்னவோ பிசகியது. உதடு கிழிந்து பளிங்கில் ரத்தம் பரவியது. இழுபறியில் ஊக்கு தெறித்தது. துப்பட்டா மொத்தமாகப் பிரிந்துவந்தது.

யாரோ ஒரு துப்பாக்கிக்காரர் கத்தினார். "இவங்களோட வந்தது யாரு? நீங்களா?"

"ஐயோ, நான் இல்ல சார். யாருன்னே தெரியாது."

தாலி கட்டிய நாளிலிருந்து அவன் பேசியதில், அது ஒன்றுதான் அவளுக்கு இனித்தது.

திரைக்குள் இருந்த பெண் அதிகாரி ஓடிவந்து மண்டியிட்டார். அவள் கையைக் கட்டப் போனவர், கழுத்தைப் பார்த்தார். ஐந்து விரலும் கருநீலத்தில் பதிந்திருந்தன.

கயிறு பிடித்த கை நின்றது.

"பாஸ்போர்ட் எங்கம்மா?" குரல் இறங்கியிருந்தது.

அவள் உதடு அசைந்தது. அதிகாரி குனிந்து காதைக் கொடுத்தார்.

பாதி காற்றாகவும் பாதி சொல்லாகவும் வந்தது.

"அந்த நீலச் சட்டைப் பையில."

அதிகாரி நிமிர்ந்தார்.

விமானம் ஏறும் வாசலை நோக்கி ஒரு நீலச் சட்டை வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் காலையில் போட்ட இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை.