இரண்டும் ஒரே பெட்டியில்

“இதை மட்டும் வாங்காதீங்க சார். விக்கிறவன் நானே சொல்றேன்.”

விற்பனையாளர் அப்படிச் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவன் கண் அந்தக் கறுப்புப் பெட்டியைவிட்டு நகரவில்லை. வீடியோ கேம் விளையாடலாம், டிவி நிகழ்ச்சிகளைப் பதிவும் செய்யலாம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“ஏன், நல்லாத்தானே இருக்கு? பொண்ணுக்கு கேம், அவ அம்மாவுக்கு சீரியல். ஒரே பெட்டி, ஒரே ரிமோட்.”

“ஒண்ணு கெட்டா ரெண்டும் சேர்ந்து ரிப்பேருக்குப் போகும். அதையும் சொல்லுங்க,” என்றாள் பக்கத்தில் நின்ற அவன் மனைவி. வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையை அவசரமாகக் கைப்பைக்குள் திணித்ததில் அதன் நாடா வெளியே தொங்கியது.

மனைவி என்று இன்னும் எத்தனை நாள் சொல்ல முடியுமோ, அவனுக்கே தெரியாது. தனித்தனியாக இருக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் ஓடிப்போய் ஆளை மீட்கிறவன், சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் நேரத்துக்கு வந்ததே இல்லை. சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பான். மகள் ஓடிவந்து பைக்கில் ஏறிக்கொள்வாள். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. வரட்டுமா என்று கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை. ஹால் சோபாவில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு டிவி பார்த்த சாயங்காலங்கள் அடிக்கடி நினைவுக்கு வரும்.

இன்று மகளின் பிறந்தநாள் பரிசுக்காக மூவரும் ஒரே கடையில் நிற்கிறார்கள். அதுவே அவனுக்குப் பண்டிகை மாதிரி இருந்தது.

“அப்பா, இந்தக் கார் ரொம்ப மெதுவா ஓடுது!” மூலையில் அதே மாதிரிப் பெட்டியில் கேம் விளையாடிப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கத்தினாள்.

“நிதானமா போனா நல்லதுதாம்மா!”

“மத்த காரெல்லாம் வீட்டுக்கே போயிருச்சுப்பா!”

விற்பனையாளர் சிரித்தார். “குழந்தையே சொல்லிட்டா பாருங்க. கேமுக்கு ஒண்ணு, பதிவு பண்ண ஒண்ணுன்னு தனித்தனியா எடுத்துக்குங்க. இதுல பதிவாகும்போது விளையாடவும் முடியாது. ஒண்ணு முடியிற வரைக்கும் இன்னொண்ணு காத்துக்கிட்டுக் கிடக்கணும்.”

“காத்துக் கிடக்கிறது எனக்குப் பழக்கம்தான்,” என்றாள் அவள், பெட்டியைப் பார்த்தபடியே.

விற்பனையாளர் விடுவதாக இல்லை.

“எல்லாத்தையும் விடப் பெரிய தொல்லை டைமர்தான். புது மாடல்ல ஒரு தடவை சொல்லிட்டா போதும், சீரியல் முடியிற வரைக்கும் தானாவே பதிவு பண்ணிக்கும். இதுக்கு ஞாபகம் ஒரு வாரம்தான். வாராவாரம் ஒரு ஆள் உக்காந்து நாள், நேரம், சேனல் எல்லாம் மறுபடியும் வைக்கணும். மறந்தா போச்சு.”

வாராவாரம் ஒரு ஆள்! மெக்கானிக்கின் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

“அதை நான் பாத்துக்கறேன்,” என்றான் அவசரமாக. “ஞாயித்துக்கிழமை எப்படியும் வர்றேன்ல. அப்படியே உள்ள வந்து வச்சுட்டுப் போறேன். கொஞ்ச நேர வேலைதான்…”

அவள் முதல்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க? வாராவாரமா? போன மாசம் யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு வரவே இல்ல. ஷூவை மாட்டிக்கிட்டு இவ கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னா.”

“தெரியும். அன்னைக்கே மேனேஜர்கிட்ட சண்டை போட்டு டூட்டியை மாத்திக்கிட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா வேற ஆள்தான் போவான்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“எங்க சொல்றது? ரோட்டுல நின்னு கத்தவா?”

அவள் ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல வைத்தாள்.

“இதையே பில் போடுங்க.”

“மேடம், நல்லா யோசிச்சுட்டீங்களா?” விற்பனையாளருக்கு மனசு கேட்கவில்லை. “சரி, டைமர் வைக்க உங்களுக்கே சொல்லித் தரேன். அப்புறம் சார் வந்தாலும் வராட்டியும் உங்களுக்குக் கவலையே இல்ல.”

அந்த மனிதரைத் தூக்கி ஏதாவது ஒரு லிஃப்டுக்குள் போட்டுப் பூட்டலாம் போலிருந்தது மெக்கானிக்குக்கு.

“ஐயோ, வேண்டவே வேண்டாம்,” என்றாள் அவள். “டைமர், பட்டன் எல்லாம் எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. இவர்தான் வந்து வைக்கணும். வாராவாரம், உள்ள வந்து.”

மெக்கானிக் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். அவன் கண்ணைச் சந்திக்காமல், நாடா தொங்கிய கைப்பையை அவள் இழுத்து மூடினாள்.

அதற்குள் ஓடிவந்துவிட்ட மகள், “ஏம்மா, நீதானே தினமும்…” என்று ஆரம்பித்தாள். அம்மா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று ஒரு டிவி நிலையத்துக்கே தினமும் டைமர் வைப்பதுதானே அம்மாவின் உத்தியோகம்?